எலிக்காய்ச்சல் அன்ரிஜென் எலைசா: 2 நனோகிராமுக்குக் கீழ இறங்க ரைரமைட் போடலாமா?

மாங்குளச்சந்தி கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். காலபோக மழையோட எலிக்காய்ச்சல் சந்தேகத்தில வாற வயல்காரரின்ர சீரத்தில, காய்ச்சல் தொடங்கி முதல் நாலைஞ்சு நாளுக்குள்ள லெப்ரோஸ்பைரா எண்ட எலிக்காய்ச்சல் பக்ரீரியாவின்ர லிப்எல்32 புரதத்தை (எங்கட அன்ரிஜென் இதுதான்) பிடிக்கிறதுக்கு ஒரு சாண்ட்விச் எலைசா அமைக்கிறம்: பிளேற்றில பூசின ஒரு அன்ரிபொடி புரதத்தைப் பிடிக்கும், இரண்டாவது அன்ரிபொடி அதில ஒட்டி நிறத்தால காட்டும். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், ஆருக்கும் றிப்போட் குடுக்கிறதில்லை. அன்ரிபொடி தேடுற கிற்றுகள் முதல் கிழமையில உதவாது எண்டது தெரிஞ்சதுதானே.

இப்ப உள்ள அமைப்பு: பிடிக்கிறதுக்கு முயல் பொலிகுளோனல் அன்ரிபொடி 2 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர், காபனேற் பஃபர் பீஎச் 9.6இல இரவு முழுக்க. பிளொக் (வெறும் இடத்தில மற்றதுகள் ஒட்டாமல் மூடுறது) 1% பிஎஸ்ஏ, அதாவது மாட்டுச் சீர அல்புமின். சீரம் 1:2. பிறகு பயோற்றின் பூட்டின எலி மொனோகுளோனல் 1 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர், அதுக்குப் பிறகு ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி (பயோற்றினில ஒட்டுற புரதத்தில பூட்டின பேரொட்சைடேஸ் நொதியம்), அந்த நொதியம் நிறமாக்கிற ரிஎம்பி 15 நிமிசம், அமிலம் விட்டு 450 நனோமீற்றரில வாசிக்கிறம். பிளாங்க், அதாவது அன்ரிஜென் இல்லாத குழி, 0.21, அதின்ர நியம விலகல் 0.02. 10 நனோகிராம்/மில்லிலீற்றர் அன்ரிஜெனுக்கு 0.52 வருது. கணக்குப் பார்த்தால் கண்டறியும் எல்லை 2 நனோகிராமுக்குக் கிட்ட நிக்குது.

இதைக் குறைஞ்சது 10 மடங்கு கீழ இறக்க வேணும். நிறச் சமிக்ஞையைப் பெருக்க ரைரமைட் (நொதியத்தைச் சுத்திப் பயோற்றினைப் படிய வைக்கிறது), பொலி-எச்ஆர்பி (கன எச்ஆர்பி ஒண்டாப் பூட்டினது), அல்கலைன் பொஸ்பற்றேசோட செய்யிற நொதியச் சுழற்சி எண்டு மூண்டு வழி வாசிச்சன். எங்கட நிலைமைக்கு எது சரி? தண்ணி குழாய்க்கிணற்றுத் தண்ணி, உப்பு அகற்றிற டிஅயனைசரால வாறது. மத்தியானத்தில அறை 33, 34 பாகைக்குப் போகும்.

கனகராயன் பதில்:

தம்பி, 10 மடங்கு காணுமா எண்டதை முதல்ல பாருங்கோ. ஒரு லெப்ரோஸ்பைராக் கலத்தில லிப்எல்32 கிட்டத்தட்ட 38,000 மூலக்கூறு இருக்கு. மூலக்கூறு நிறை 32,000. பெருக்கி அவகாதரோ எண்ணால வகுத்தால் ஒரு கலத்துக்கு 2 ஃபெம்ரோகிராம். அப்ப உங்கட 2 நனோகிராம் எண்டது ஒரு மில்லிலீற்றரில 10 இலட்சம் பக்ரீரியா. சீரத்தை 1:2 ஆக்கினதால உண்மையில 20 இலட்சம். நல்லா முத்தின நோயாளியிலதான் அவ்வளவு இருக்கும். 200 பிக்கோகிராமுக்கு (0.2 நனோகிராம்) இறங்கினால் 1 இலட்சம் கலம், ஐதாக்கலோட 2 இலட்சம். அது பிரயோசனமான இடம், ஆனால் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிற பிசிஆரை எட்டாது. இந்தக் கணக்கைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதி வையுங்கோ. இல்லாட்டி 3 பிக்கோகிராம் வேணும் எண்டு வீணா மினக்கெடுவியள்.

இனி உங்கட இலக்கங்களுக்கு வாறன். படித்திறன் ஒரு நனோகிராமுக்கு 0.031. பிளாங்கின்ர மூண்டு நியம விலகல் 0.06. 0.06ஐ 0.031ஆல வகுத்தால் வாறதுதான் உங்கட 2 நனோகிராம். இப்ப இதை அப்பிடியே 10 மடங்கு பெருக்கினால் என்ன நடக்கும்? படித்திறன் 0.31 ஆகும், சந்தோசம். ஆனால் பிளேற்றின்ர சொந்த 0.05 பெருகாட்டிலும், மிச்சம் பெருகிப் பிளாங்க் 1.7 ஆகும், அதின்ர விலகல் 0.2 ஆகும். 0.6ஐ 0.31ஆல வகுங்கோ. திருப்பியும் அதே 2 நனோகிராம். பெருக்கி எது அன்ரிஜென், எது ஒட்டுண்ட குப்பை எண்டு பார்க்கிறதில்லை. நொதியம் எங்க இருக்கோ அங்க வேலை செய்யும், அவ்வளவுதான்.

அதால ரைரமைட் வாங்க முதல் பிளாங்கைப் பிரிச்சுப் பாருங்கோ. அன்ரிஜென் ஒண்டும் போடாமல், ஒவ்வொண்டும் எட்டுக் குழி: வெறும் பிளேற்றும் ரிஎம்பியும், பிளொக் பண்ணிப் போட்டு ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி மட்டும், பிடிக்கிற அன்ரிபொடி இல்லாமல் மற்ற எல்லாம், கடைசியா முழு அமைப்பு. எந்தப் படியில வாசிப்பு ஏறுதோ அதுதான் பிரச்சினை. முழு அமைப்பு வெறும் ரிஎம்பியோட சேர்ந்து 0.05இல நிண்டால் மட்டும்தான் "கருவிக்குச் சமிக்ஞை காணாது" எண்டு அர்த்தம். அப்பதான் பெருக்கிறதில பலன் இருக்கு.

தண்ணியையும் விடாதேங்கோ. வன்னிக் குழாய்க்கிணற்றில சுண்ணாம்பும் இரும்பும் கூட. டிஅயனைசரின்ர றெசின் முடிஞ்சால் முதல்ல தெரியிறது பொஸ்பேற் பஃபரான பிபிஎஸ் கலக்கேக்க லேசாக் கலங்கிறது, கல்சியம் பொஸ்பேற் வீழ்படிவு. இரும்பும் செம்பும் எச்ஆர்பி இல்லாமலே பெரொக்சைட்டோட சேர்ந்து ரிஎம்பியை நீலமாக்கும். குளோறின் மிச்சம் இருந்தால் அது நேராவே ஒட்சியேற்றும். சோதிக்கிறது லேசு: 100 மைக்ரோலீற்றர் ரிஎம்பிக்குள்ள 10 மைக்ரோலீற்றர் உங்கட கழுவுற பஃபரை விட்டு, 15 நிமிசம் இருட்டில வைச்சு, காய்ச்சி வடிச்ச தண்ணி விட்ட குழியோட ஒப்பிடுங்கோ. நீலம் தெரிஞ்சால் அன்ரிபொடியைக் குறை சொல்லத் தேவையில்லை.

மாங்குளச்சந்தி:

நன்றி அண்ணை. பிரிச்சுப் பார்த்தாச்சு. வெறும் ரிஎம்பி 0.045. ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி மட்டும் 0.06. பிடிக்கிற அன்ரிபொடி இல்லாமல் மற்றதெல்லாம் 0.19. முழு அமைப்பு 0.21. தண்ணிச் சோதனையில நீலம் இல்லை.

கனகராயன்:

வடிவா விளங்குது. பயோற்றின் பூட்டின மொனோகுளோனல் நேரா பிளேற்றில ஒட்டுது. ஸ்ரெப்ரவிடினில குறை இல்லை, முயல் அன்ரிபொடியிலயும் இல்லை. 1 மைக்ரோகிராம் தேவைக்கு மிஞ்சினது. 0.5, 0.2, 0.1, 0.05 எண்டு இறக்கி, ஒவ்வொண்டுக்கும் பூச்சியமும் 10 நனோகிராமும் போட்டுப் பாருங்கோ. சமிக்ஞை கொஞ்சம் குறையும், பிளாங்க் கணக்கக் குறையும். அந்த இடத்தில நிப்பாட்டுங்கோ. பூட்டேக்க ஒரு அன்ரிபொடிக்கு 15, 20 பயோற்றின் ஏத்தியிருந்தாலும் ஒட்டும், 4 தொடக்கம் 8 காணும்.

பிஎஸ்ஏயை விட்டிட்டு பால் புரதமான கேசினுக்கு மாறுங்கோ. 5 கிராம் கேசினை 300 மில்லிலீற்றர் தண்ணியில போட்டு, 1 மோலர் சோடியம் ஐதரொக்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, 50 பாகையில கலக்கிக் கரையுங்கோ. ஆறின பிறகு ஐதரோகுளோரிக் அமிலத்தால பீஎச்சை 7.4க்குக் கொண்டு வாங்கோ. அவசரப்பட்டு அமிலத்தை ஒரேயடியா ஊத்தினால் 4.6க்குக் கிட்டப் போன இடத்தில தயிர் மாதிரித் திரண்டிடும். பிறகு பத்து மடங்குச் செறிவான ரிபிஎஸ் (பொஸ்பேற் இல்லாத ட்ரிஸ் பஃபர்) 50 மில்லிலீற்றர், தண்ணி விட்டு மொத்தம் 500. கடையில வாங்கிற பால்மா பக்கெற்றை இதுக்குப் பாவிக்காதேங்கோ, பாலில பயோற்றின் இருக்கு, ஸ்ரெப்ரவிடினைத் தின்னும்.

பிளாங்க் 0.07, விலகல் 0.006 எண்டு வந்தால், படித்திறன் கிட்டத்தட்ட அப்பிடியே நிண்டால் எல்லை 0.6 நனோகிராம். ஒரு சதத்துக்கும் பெருக்கி வாங்காமல் மூண்டு மடங்கு.

முத்தையன்கட்டு பதில்:

கனகராயன் அண்ணை சொன்னதுக்குப் பிறகுதான் இது. பிளாங்க் இறங்கினால் மட்டும் வாசியுங்கோ.

மூண்டு வழியில நொதியச் சுழற்சியை முதல்ல கழிச்சு விடலாம். 1985இல வந்த முறை, யோசனை அருமை: அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ஏடிபி எண்ட துணைநொதியத்தில இருந்து ஒரு பொஸ்பேற்றை வெட்டி என்ஏடி ஆக்கும். அந்த ஒரு என்ஏடியை அற்ககோல் டிஐதரசனேசும் டையபொரேசும் மாறி மாறிச் சுத்தி, ஒவ்வொரு சுத்துக்கும் போமசான் எண்ட சிவப்பு நிற மூலக்கூறு ஒண்டு விழுத்தும், 492இல வாசிக்கலாம். ஆனால் என்ஏடிபியில துளி என்ஏடி கலந்திருந்தால் வெறும் குழியும் சிவக்கும். பொஸ்பேற் இந்த நொதியத்தை மறிக்கும், அதால பிபிஎஸ் எல்லாத்தையும் ரிபிஎஸ் ஆக்க வேணும். கண்ணாடியில சவர்க்காரப் பொஸ்பேற் மிஞ்சினாலும் குழப்பம். இரண்டு நொதியம், அதோட என்ஏடிபி, எல்லாம் குளிரில இருக்க வேணும். கரண்ட் நம்பேலாத இடத்தில இதைத் தொடங்காதேங்கோ.

பொலி-எச்ஆர்பி ஆகச் சுகம். ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி இருந்த இடத்தில ஸ்ரெப்ரவிடின்-பொலி-எச்ஆர்பியைப் போடுறது மட்டும்தான், படி கூடாது. 20 தொடக்கம் 100 நனோகிராம்/மில்லிலீற்றர் வரைக்கும் இறக்கிப் பாருங்கோ, கேசினில கரைச்சு, 30 நிமிசம். மூலக்கூறு பெரிசு, ஒட்டுற குணமும் பெரிசு. பிஎஸ்ஏ பிளொக்கில இது கேவலமா ஒட்டும். மூண்டு தொடக்கம் ஐஞ்சு மடங்கு எதிர்பாருங்கோ. என்ர எண்ணத்தில நீங்கள் முதல்ல போட வேண்டியது இதுதான்.

அதுவும் காணாட்டித்தான் ரைரமைட். 1989இல எலைசாவுக்கெண்டே வெளியிட்ட முறை. பிளேற்றில பிடிபட்ட எச்ஆர்பி, பெரொக்சைட்டை வைச்சு பயோற்றின்-ரைரமைட்டை உடன தாக்கமடையிற தனியுறுப்பாக்கும். அது ஆயுள் குறைஞ்ச சாமான், தூரப் போகாமல் பக்கத்தில உள்ள புரதங்களின்ர ரைரோசின் அமினோ அமிலத்தில பிணையும். இப்பிடி ஒரு எச்ஆர்பியைச் சுத்திக் கணக்கப் பயோற்றின் படியும். பிறகு திருப்பியும் ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி, திருப்பியும் கழுவல், ரிஎம்பி.

செய்யிற விதம் இது. முதல் ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பியை நீங்கள் வழமையாப் போடுறதில பத்தில ஒண்டு ஆக்குங்கோ. இதைச் செய்யாமல் விடுறபடியால்தான் கனபேருக்கு முழுப் பிளேற்றும் மஞ்சளாகுது. ஐஞ்சு தரம் கழுவுங்கோ. பயோற்றின்-ரைரமைட் 1 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர், 50 மில்லிமோலர் போரேற் பஃபர் பீஎச் 8.5இல. 10 மில்லிலீற்றருக்கு 30% பெரொக்சைட் 1 மைக்ரோலீற்றர், அதாவது 0.003%. பெரொக்சைட்டைக் கடைசி நிமிசத்தில விடுங்கோ. கூட்டினால் எச்ஆர்பியே செத்துப்போகும். மருந்துக்கடை 20 வொல்யூம் போத்தல் வேண்டாம், செறிவு நம்பேலாது. குழிக்கு 100 மைக்ரோலீற்றர், சரியா 10 நிமிசம். பன்னிரண்டு நிரலுக்கும் விடுற இடைவெளியும் கழுவுற இடைவெளியும் ஒண்டா இருக்க வேணும், மல்ரிசனல் பிப்பெற் இல்லாமல் இதைத் தொடாதேங்கோ. நேரம் கூடினால் ரைரமைட் தன்னோட தானே சேர்ந்து வீணாகும், பிளாங்க் மட்டும் ஏறும்.

ஐஞ்சு தரம் கழுவி, இரண்டாவது ஸ்ரெப்ரவிடின்-எச்ஆர்பி 0.1 மைக்ரோகிராம்/மில்லிலீற்றர் 20 நிமிசம், திருப்பியும் கழுவி, ரிஎம்பி 5 தொடக்கம் 8 நிமிசம், 1 மோலர் சல்பூரிக் அமிலம் 50 மைக்ரோலீற்றர். 450இல வாசிச்சு 620ஐக் கழியுங்கோ.

ஒவ்வொரு பிளேற்றிலயும் இரண்டு கட்டுப்பாட்டு நிரல் கட்டாயம்: ரைரமைட் இல்லாமல் ஒண்டு, ரைரமைட் இருந்து பெரொக்சைட் இல்லாமல் ஒண்டு. இரண்டாவதில நிறம் வந்தால் ரைரமைட் பிணையாமல் சும்மா ஒட்டியிருக்கு. கழுவுற பஃபரில ருவீன் 20 சவர்க்காரத்தை 0.05%இல இருந்து 0.1% ஆக்குங்கோ. நியம வளையியையும் (அளவு தெரிஞ்ச அன்ரிஜென் வரிசை) கீழ இறக்க வேணும். 10 நனோகிராம் இனி றீடரின்ர மேல்மட்டத்தில முட்டும். 2 நனோகிராமில தொடங்கி மூண்டில ஒண்டாக ஏழு படி, பிறகு பூச்சியம்.

ரைரமைட் விலை கூட எண்டால் நீங்களே செய்யலாம். என்எச்எஸ்-பயோற்றின் 10 மில்லிகிராம், ரைரமின் ஐதரோகுளோரைட் 5.1 மில்லிகிராம், இரண்டும் சம மோல். உலர்ந்த டைமெதில்போமமைட் 1 மில்லிலீற்றரில கரைச்சு, ட்ரைஎதிலமின் 10 மைக்ரோலீற்றர் விட்டு, இருட்டில அறை வெப்பத்தில 2 மணித்தியாலம். பிறகு எதனோல் 9 மில்லிலீற்றர். முழுக்க மாறியிருந்தால் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கிட்ட வரும். சின்னக் குழாயளில பிரிச்சு மறை 20இல வையுங்கோ. என்எச்எஸ்-பயோற்றின் ஈரம் பிடிச்சால் பழுதாகும், மாரியில போத்தலைக் குளிரோட திறக்காதேங்கோ, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறவுங்கோ. ட்ரைஎதிலமினும் டைமெதில்போமமைட்டும் புகை அலுமாரிக்குள்ள.

மற்றது, பழுதாகாமல் இருக்கப் போடுற சோடியம் ஏசைட். அன்ரிபொடிப் போத்தலிலயோ பழைய பிளொக்கிலயோ 0.02% இருந்தாலே எச்ஆர்பியை மறிக்கும். எச்ஆர்பி படுற பஃபருக்கு ஏசைட் வேண்டாம், தைமரோசல் அல்லது புரோக்ளின் போடுங்கோ.

சீரம்பெட்டி பதில்:

இரண்டு பேரும் பிளேற்றைப் பற்றிச் சொல்லிப்போட்டினம், நான் சீரத்தைப் பற்றிச் சொல்லுறன். தம்பி, நியமத்துக்கு நீங்கள் பஃபரில கரைச்ச மறுசேர்க்கைப் புரதம்தானே பாவிக்கிறியள்? நோயாளியின்ர சீரத்தில அது கரைஞ்சு மிதக்கிறதில்லை. லிப்எல்32 ஒரு லிப்போபுரதம், பக்ரீரியாவின்ர வெளிமென்சவ்வோட ஒட்டியிருக்கிறது. மேற்பரப்பில நீட்டிக்கொண்டிருக்குது எண்டுதான் முந்தி நினைச்சவை. 2013இல வந்த வேலை அது பெரும்பாலும் மேற்பரப்புக்குக் கீழ இருக்குது எண்டு காட்டிச்சு. அப்ப கலம் உடையாட்டி உங்கட அன்ரிபொடிக்கு எட்டாது. எட்டாததை எந்த நொதியமும் பெருக்காது. சீரம் ஐதாக்கிற பஃபரில சவ்வைக் கரைக்கிற ட்ரைற்றன் எக்ஸ்-100 0.5% போட்டு, 37 பாகையில 30 நிமிசம் வைச்சுப் பிறகு பிளேற்றில விடுங்கோ. பூச்சிய நியமத்துக்கும் அதே பஃபர், அதே ட்ரைற்றன். நியமத்தைக் காய்ச்சல் இல்லாத ஆக்களின்ர கலந்த சீரத்தில கரையுங்கோ, பஃபரில வேண்டாம். உயிருள்ள லெப்ரோஸ்பைராவை எண்ணிச் சீரத்தில கலந்து மீட்டுப் பார்த்தால்தான் அண்ணை சொன்ன 2 ஃபெம்ரோகிராம் கணக்கு உங்கட பிளேற்றில சரிவருதா எண்டு தெரியும்.

ஐஞ்சாம், ஆறாம் நாளுக்குப் பிறகு நோயாளியின்ர சொந்த அன்ரிபொடி வந்து அன்ரிஜெனை மூடத் தொடங்கும். அந்தச் சீரம் நெகற்றிவ் வந்தால் பெருக்கம் காணாது எண்டு நினைக்காதேங்கோ. காய்ச்சல் தொடங்கின நாளைக் குறிக்காமல் எடுத்த சாம்பிளை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அன்ரிபயோற்றிக் சிகிச்சை தொடங்கினவையா எண்டதையும், கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தடுப்புக்கு எடுத்தவையா எண்டதையும் குறியுங்கோ. பக்ரீரியா குறைஞ்சிருக்கும்.

பொய்ப் பொசிற்றிவ்தான் பெருக்கத்தில பெரிய வில்லங்கம். உங்கட பிடிக்கிற அன்ரிபொடி முயல், காட்டுறது எலி. றூமற்றொயிட் காரணியோ (ஐஜிஜி எண்ட சாதாரண அன்ரிபொடியிலயே ஒட்டுற அன்ரிபொடி) விலங்கு ஐஜிஜிக்கு எதிரான அன்ரிபொடியோ உள்ள சீரம் இரண்டையும் பாலம் போட்டுப் பிணைக்கும், அன்ரிஜென் தேவையில்லை. சாதாரண எலைசாவில 0.03 ஏறினது ஆருக்கும் தெரியாது, ரைரமைட்டுக்குப் பிறகு அது 0.3. சாம்பிள் பஃபரில சாதாரண முயல் ஐஜிஜியும் எலி ஐஜிஜியும் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் வீதம் போடுங்கோ. ஒவ்வொரு சீரத்துக்கும் ஒரு சோடிக் குழி வையுங்கோ: பிடிக்கிற அன்ரிபொடிக்குப் பதிலா சாதாரண முயல் ஐஜிஜி பூசினது. நோயாளியின்ர பெறுமானம் எண்டது இரண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம். பிளேற் பாதியாகும்தான், வேறை வழியில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் இருந்து பஸ்ஸில குலுங்கி வாற இரத்தத்தின்ர சீரம், கலம் உடைஞ்சு, அரைவாசி சிவந்துதான் வரும். ஈமோகுளோபினுக்குத் தானாவே பேரொட்சைடேஸ் மாதிரிக் குணம் இருக்கு. நல்லாக் கழுவினால் போகும், கழுவாட்டி ரைரமைட்டையும் அது இழுக்கும். எடுத்த இடத்திலேயே உறைய விட்டு, சென்ரிபியூச்சில சுத்தி, சீரத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ.

மாங்குளச்சந்தி:

அக்கா, சோடிக் குழி நல்ல யோசினை, உடனே மாத்திறம். கேசினுக்கு மாறி மொனோகுளோனலை 0.2க்கு இறக்கினதில பிளாங்க் 0.075. பொலி-எச்ஆர்பிதான் முதல்ல ஓடர் பண்ணப்போறம். ஒரு கேள்வி: மத்தியானம் கரண்ட் போனால் இன்கியூபேற்றர் நிண்டிடும். பாதியில நிண்ட பிளேற்றை எந்தப் படியில நிப்பாட்டி வைக்கலாம்?

கனகராயன்:

பிளொக்கோட நிண்டால் பயமில்லை, மூடி குளிர்ப்பெட்டியில வையுங்கோ, அடுத்த நாள் தொடரலாம். சாம்பிள் விட்ட பிறகு நிண்டால், இன்கியூபேற்றர் இல்லாமல் அறை வெப்பத்திலயே அந்தப் படியை முடிச்சுக் கழுவுங்கோ. நியமமும் அதே பிளேற்றில இருக்கிறதால வளையி சேர்ந்து நகரும். ரைரமைட் விட்டாப் பிறகு நிப்பாட்ட ஏலாது, 10 நிமிசத்துக்குக் கரண்டும் தேவையில்லை, கையால கழுவி முடியுங்கோ. ரிஎம்பி படிக்கு முதல் றீடர் ஓடுதா எண்டு பாருங்கோ. அமிலம் விட்ட பிளேற்றை அரை மணித்தியாலத்துக்குள்ள வாசிக்க வேணும், பிந்தினால் மஞ்சள் மாறத் தொடங்கும். றீடருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் காணும், அது இன்கியூபேற்றர் மாதிரிக் கணக்க இழுக்காது.

ஓரக் குழியளையும் கவனியுங்கோ. 34 பாகை அறையில சுத்திவர உள்ள 36 குழியும் கெதியாச் சூடேறும். பிளேற்றை ஈரக் கடதாசி போட்ட மூடின பெட்டிக்குள்ள வையுங்கோ, ரிஎம்பியை அரை மணித்தியாலம் முதலே வெளியில எடுத்து இருட்டில வையுங்கோ. முடிஞ்சால் விடியக் காலமை தொடங்கி, பத்து மணிக்கு முதல் ரிஎம்பிக்கு வந்திடுங்கோ.

முத்தையன்கட்டு:

பொலி-எச்ஆர்பி கொழும்பில இருந்து வரேக்க ஐஸ் பக்கெற்றோட நேரா முட்ட விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, இடையில கடதாசி சுத்த வேணும். உறைஞ்சு உருகினால் செயற்பாடு விழும், திரளும். வந்த அண்டே அதை 1:20,000இல ரிஎம்பியோட குழாயில கலந்து நிறம் ஏறுற வேகத்தைக் குறிச்சு வையுங்கோ. அடுத்த முறை பிளேற் மங்கலா வந்தால் நொதியம் செத்ததா, அன்ரிபொடி பிழைச்சதா எண்டு பிரிச்சறிய அந்த ஒரு இலக்கம் காணும்.